குப்பைக்குப் போன நீலப் புடவை

கண்ணகி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. எங்கள் பிளாக்கில் அவள் குப்பை வண்டி தள்ள ஆரம்பித்த நாளிலிருந்து பார்க்கிறேன். காலையில் விசில் ஊதிக்கொண்டு வருவாள். வாசலில் நிற்பாள், குனிவாள், நிமிர்வாள், அடுத்த வாசலுக்குப் போய்விடுவாள். வெயில் ஏறிவிட்ட நாட்களில் ஒரு சொம்பு தண்ணீரைக் கொடுத்து, "படியில கொஞ்சம் உக்காரேன் கண்ணகி" என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். அண்ணாந்து குடித்துவிட்டுச் சொம்பைத் தோட்டத்துக் குழாயில் கழுவிக் கவிழ்த்து வைப்பாள்.

"ஒக்காந்தா எழுந்திரிக்க முடியாதும்மா. இன்னும் ரெண்டு ரோடு கெடக்குது."

வண்டி நகர்ந்துவிடும். அதன் இடது சக்கரம் எண்ணெய் கண்டு பல காலம் ஆகியிருக்க வேண்டும். அந்தக் கிறீச் சத்தம் தெருமுனை திரும்பிய பிறகும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

நான் அவளை நீ என்பேன், அவள் என்னை நீங்க என்பாள். வயதில் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள்தான். நெய்வேலியில் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு உள்ளே நிற்பவர்கள் வெளியே நிற்பவர்களை அப்படித்தான் கூப்பிடுகிறோம். பழகிப்போனது, மாற்றவில்லை.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கல்யாணமாகி இந்த நகரியத்துக்கு வந்தவள். கணவர் சிவப்பிரகாசத்துக்கு அனல்மின் நிலையத்தில் ஷிப்ட் வேலை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சொல்லாவிட்டால் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும், அதற்குப் பதில் சொன்னால் ஒரு டாக்டர் பெயரோ கோயில் பெயரோ வரும். இந்த வயதில் இரண்டும் எனக்கு வேண்டாம்.

கண்ணகி கான்ட்ராக்ட் ஆள். குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து முதல் பஸ்ஸுக்கு வருவாள். பரம்பரையாக அவர்கள் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அவளும் நட்டவள்தான். நடவு வேலை குறைந்துபோனபின் யாரோ சொல்லி இந்த வேலைக்கு வந்தாள். புருஷன் சாமிக்கண்ணு கொத்தனார் கூட்டத்தோடு பாண்டிச்சேரிப் பக்கம் போனால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் வீட்டில் தலை காட்டுவார். ஒரே மகள், இசைப்பிரியா.

குப்பையைப் பிரித்துப் போடச் சொல்லி வீட்டுக்கு இரண்டு தொட்டி கொடுத்த காலம் அது. மக்கும் குப்பைக்குப் பச்சை, மக்காததற்கு நீலம். கொடுத்த மறுவாரமே எதிர்வீட்டுப் பச்சைத் தொட்டியில் கற்றாழை வளர ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு நீலத் தொட்டியில் அரிசி கொட்டி வைத்தார்கள். மூடி இறுக்கமாம், பூச்சி வராதாம். குப்பை மட்டும் பழையபடி ஒரே பையில் முடிச்சுப் போட்டு வாசலுக்கு வந்தது. நேற்றைய சாம்பார், பிளேடு, முட்டை ஓடு, குழந்தையின் டயபர் எல்லாம் ஒன்றாகக் கலந்து. கண்ணகி அதை அவிழ்த்துக் கையால் பிரிப்பாள். நான் பொறுக்க முடியாமல் ஒருநாள் தெருவில் நின்று சத்தம் போட்டேன். இரண்டு நாள் பிரித்துப் போட்டார்கள். மூன்றாம் நாள் என்னோடு பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள்.

விழிப்புணர்வு ஊர்வலம்கூட ஒன்று நடந்தது. ஏதோ ஒரு சங்கத்துக்காரர்கள் புது விளக்குமாறும் வெள்ளைத் தொப்பியுமாக வந்து, ஏற்கெனவே கண்ணகி பெருக்கி வைத்திருந்த தெருவை மறுபடி பெருக்குவதுபோல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். போகும்போது, சுற்றுச்சூழலைக் காப்போம் என்று அச்சடித்த நீளமான பேனரைச் சுருட்டிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டுப் போனார்கள். கண்ணகிக்கு அன்று நல்ல நாள். அவள் வீட்டுக் கூரை ஒரு பக்கம் ஒழுகிக்கொண்டிருந்தது.

பிளாஸ்டிக், அட்டை, பாட்டில் எல்லாம் காயலான் கடைக்குப் போகும். அது கான்ட்ராக்ட் மேஸ்திரி பார்த்துக்கொள்கிற விஷயம். துணியைத்தான் யாரும் சீண்ட மாட்டார்கள். காயலான் கடையில் எடுப்பதில்லை, உரக்குழியிலும் போட முடியாது. அதனால் துணியெல்லாம் கண்ணகியுடையது என்று ஆகிவிட்டது. வண்டியின் கைப்பிடியில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டிருப்பாள். வழியில் கிடைக்கும் துணியெல்லாம் அதற்குள் போகும்.

நகரியத்தில் துணிக்குப் பஞ்சமில்லை. போகிக்கு முன்னால் விழும். பள்ளிக்கூடம் திறக்கும் முன் பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன யூனிபார்ம் விழும். எல்லாவற்றையும்விட மாதக் கடைசியில்தான் அதிகம். மாதக் கடைசியில் யாராவது ஒருவர் ரிட்டயர்ட் ஆவார், குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு சொந்த ஊருக்குக் கிளம்புவார். லாரியில் ஏறாததெல்லாம் வாசலில் கிடக்கும். முப்பது வருடம் மடித்து மடித்து வைத்த போர்வையும் திரைச்சீலையும் ஒரே காலையில் குப்பையாகிவிடும்.

கண்ணகி அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய் அண்டாவில் வேப்பிலை போட்டுக் கொதிக்கவைப்பாள். பருத்தி தனியாக, நைலான் தனியாக. கிழிசலான வேட்டிகள் கிரீஸ் துடைக்கிற வேஸ்ட் துணியாக மெக்கானிக் கடைகளுக்குப் போகும். தடித்த பேன்ட்டுகள் காய்கறிப் பையாகும். பிளாஸ்டிக் பையைத் தடை செய்த வருடத்தில், என்னோடு பேசாத எதிர்வீட்டுக்காரியே அவளிடம் இரண்டு பை கேட்டு வாங்கிக்கொண்டாள். அது அவள் வீட்டுக்காரருடைய பழைய பேன்ட் என்பதைக் கண்ணகியும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தச் சந்தோஷம் எனக்கு ஒரு வாரம் இருந்தது.

தையலுக்கும் அவள் நூல் வாங்குவதில்லை. பழைய யூனிபார்மின் தையலைப் பிரித்தால் நூல் வருகிறதே என்பாள். அதனால் அவள் தைத்த எதிலும் காக்கி நூல்தான் ஓடும். என் அடுப்படியில் அவள் கொடுத்த பிடிதுணி ஒன்று இருக்கிறது. பூப்போட்ட துணி, ஓரத்தில் சம்பந்தமில்லாமல் காக்கித் தையல், நெருக்கமாகவும் கொஞ்சம் கோணலாகவும். சூடான சட்டியை இறக்கும்போதெல்லாம் அதுதான் கையில் இருக்கும்.

இந்தத் துணி வேலையால் அவளுக்கும் மகளுக்கும் இடையில் ஒரு காயம் உண்டு. இசைப்பிரியா ஏழாவதோ எட்டாவதோ படிக்கும்போது, இங்கே கிடைத்த நீலப் பாவாடை ஒன்றைத் துவைத்து, இடுப்பைப் பிடித்து, அவளுக்குப் போட்டு அனுப்பியிருக்கிறாள். அந்த வருடம் நகரியத்திலிருந்து வந்து அதே வகுப்பில் சேர்ந்த பெண் ஒருத்தி, பாவாடையில் இருந்த மசிக்கறையைப் பார்த்துவிட்டு, "இது என்னோடதாச்சே, எங்கம்மா தூக்கிப் போட்டது" என்றாளாம். அதில் பொய் ஒன்றும் இல்லை. இசைப்பிரியா வீட்டுக்கு வந்து அதைக் கழற்றி அடுப்பில் போட்டாள். அதற்குப் பிறகு அம்மா சாக்கிலிருந்து எடுத்த எதையும் அவள் தொட்டதில்லை.

"நல்ல துணிம்மா அது. இன்னும் ரெண்டு வருசம் ஒழைச்சிருக்கும்" என்று கண்ணகி இதை என்னிடம் சொன்னபோது, பாவாடையைப் பற்றி மட்டும்தான் வருத்தப்பட்டாள். மகளைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை.

இசைப்பிரியாவைக் குள்ளஞ்சாவடியில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை அன்புச்செல்வன் வயரிங் வேலை செய்கிறவன், சாது. அவன் அம்மா மாணிக்கம்மாள் ரோட்டோரம் மளிகைக்கடை வைத்திருப்பவர். இவர்கள் சனம்தான், ஆனால் ஒரு தலைமுறை முன்னாலேயே வயலைவிட்டு வெளியே வந்தவர்கள். பெண் பார்க்க வந்தபோது, அம்மா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டதற்கு, டவுன்ஷிப்பில் வேலை என்று இசைப்பிரியாவே முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள். அதுவும் பொய்யில்லைதான். கல்யாணமான மூன்றாம் மாதம் மாணிக்கம்மாள் ஏதோ வேலையாக நெய்வேலிக்கு வந்தவர், மெயின் பஜார் பக்கம் கண்ணகியை வண்டியோடு பார்த்துவிட்டார்.

முதலில் உண்டான கர்ப்பம் ஐந்தாம் மாதத்தில் கலைந்துவிட்டது. அதற்கு முந்தின வாரம் கண்ணகி மகளுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பும் சோறும் கட்டிக்கொண்டு போயிருந்தாள்.

"குப்ப அள்ளுன கையால ஆக்குன சோறு, அதான் தங்கலன்னு சம்பந்தியம்மா சொல்லிட்டாங்கம்மா" என்றாள் கண்ணகி. சொல்லும்போது அவள் கை பாட்டிலிலிருந்து மூடியைத் தனியாகக் கழற்றிக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நீ ஒண்ணும் சொல்லலியா?"

"என்னாத்த சொல்றதும்மா. அலுப்பா இருந்துச்சு. வந்துட்டேன்."

அவள் அலுப்பு என்று சொன்னால் அதில் உடம்பு வலியும் சேர்ந்திருக்கும், மற்றதும் சேர்ந்திருக்கும். எதற்கு எவ்வளவு என்று நான் கேட்டதில்லை.

இரண்டாம் முறை இசைப்பிரியா உண்டானபோது கண்ணகி சோறு கட்டிக்கொண்டு போகவில்லை. போனில் மட்டும் விசாரித்துக்கொண்டாள். ஏழாம் மாதம் முடிந்து மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்துவரப் போனபோது, மாணிக்கம்மாள் வாசலிலேயே ஒரு விஷயத்தைச் சொல்லி அனுப்பினார். பிரசவம் குறிஞ்சிப்பாடி அரசு ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ளலாம், குழந்தையின் முதல் துணியும் முறைப்படி தாய்வீட்டிலிருந்தே வரட்டும், ஆனால் பொறுக்கின துணி தன் வீட்டுப் பிள்ளைமேல் படக்கூடாது, யாராவது ஒரு நல்ல வீட்டில் கையால் எடுத்துக் கொடுத்த துணியாக இருக்க வேண்டும். இந்த முறையாவது எல்லாம் சுத்தமாக நடக்கட்டும் என்றாராம். பக்கத்தில் நின்ற இசைப்பிரியா, "ஆமாம்மா, அப்படியே செஞ்சிடு" என்றாளாம்.

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது என்பது எங்கள் பக்கத்திலும் உண்டு. முதலில் ஏந்துவது பழைய துணியில்தான். நாள்பட உடுத்தி, வெளுத்து, மெத்தென்று ஆகிவிட்ட பருத்தி வேண்டும். அதுவும் பிள்ளைகுட்டியோடு நிறைந்திருக்கும் வீட்டுத் துணி என்றால் விசேஷம். பழசாக இருக்க வேண்டும், ஆனால் பொறுக்கியதாக இருக்கக் கூடாது. ஒரே புடவை கையிலிருந்து கைக்குப் போனால் ஆசீர்வாதம், நடுவில் ஒரு நாள் தொட்டியில் கிடந்தால் தீட்டு. இதை யார் வகுத்தார்களோ, அவர்கள் துணி துவைத்தவர்களாக இருந்திருக்க முடியாது.

வைகாசி மாதம் ஒரு காலையில் கண்ணகி விசில் ஊதாமல் என் வாசலில் நின்றாள். கைகளை நன்றாகக் கழுவியிருந்தாள். வண்டியைக் கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடியில் விட்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்மா."

இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. தண்ணீரைக்கூட நானாகத்தான் கொடுத்திருக்கிறேன். பைக்குள்ளிருந்து செய்தித்தாள் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். உள்ளே என் புடவை இருந்தது.

வெளிர்நீலம், அரக்குக் கரை. குறிஞ்சிப்பாடித் தறியில் நெய்தது, பல வருடம் நான் விடாமல் கட்டியது. கொசுவம் வரும் இடத்தில் இற்றுப்போய், முழங்கால் பக்கம் கிழிந்து, இனி தாங்காது என்று பொங்கலுக்கு முன்னால் குப்பையில் போட்டேன். இப்போது அது வேறு உருவத்தில் வந்திருந்தது. நல்ல பாதி நீளமாக, தூளி ஏணை கட்டுகிற அளவுக்கு விட்டிருந்தாள். மீதியைச் சதுரம் சதுரமாக வெட்டி ஓரம் மடித்துத் தைத்திருந்தாள். நீலத் துணியில் காக்கி நூல் ஓடியிருந்தது. தொட்டேன். என் உடம்பில் கிடந்தபோதுகூட அது அவ்வளவு மிருதுவாக இருந்ததில்லை.

"எவ்வளவு நல்லா இருக்கு" என்றேன்.

"தை மாசத்துலேருந்து வெந்நியில அலசி அலசிக் காய வச்சிக்கினு இருக்கறேன்மா." பொட்டலத்தை என் பக்கம் நீட்டினாள். "நீங்க போட்ட பொடவைதான். ஒரு தடவ கையால குடுங்க."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. மாணிக்கம்மாள் சொன்னதையெல்லாம் அவள் அப்போதுதான் சொன்னாள். குழந்தை பிறந்ததும் நான் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், என் வீட்டுத் துணியென்று என் கையால் சம்பந்தியம்மாவிடம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

"வேற பழைய பொடவை இருக்கு, தரேனே" என்றேன். "எதுக்கு இந்தச் சுத்து?"

"அதும் சரிதாம்மா. ஆனா இந்தளவுக்கு மெத்துனு வராது." சற்று நின்று, "இது என் கைபட்டது. என் பேத்தியோ பேரனோ, இது மேலதான் படுக்கணும்" என்றாள்.

நான் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. இந்த ஊரில் ஒரு வளைகாப்பில்கூட என்னை முன்னால் கூப்பிட்டு வளையல் போடச் சொன்னவர்கள் இல்லை. பந்திக்குக் கூப்பிடுவார்கள், பாத்திரம் இரவல் கேட்பார்கள். ஆரத்தித் தட்டு மட்டும் என்னைத் தாண்டிப் போகும். அது கண்ணகிக்குத் தெரியாததல்ல.

"என்கிட்ட ஏன் கேக்கறே கண்ணகி. எனக்குத்தான் ஒண்ணும் இல்லியே."

"தெரியும்மா. துணிக்கு அதெல்லாம் தெரியுமா?"

"உன் சம்பந்தியம்மா கேட்டா?"

"கேட்டா பாத்துக்கலாம்." வண்டிப் பக்கம் திரும்பியவள், "இந்த ரோட்டுல நின்னு பேச எனக்கு வேற யாரு இருக்கறாங்க" என்றாள். சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டு போனது. நான் பொட்டலத்தோடு வாசலில் நின்றேன்.

சிவப்பிரகாசத்திடம் சொன்னேன். அவர் பயந்த மனிதர். "நாளைக்குக் குழந்தைக்கு ஒரு காய்ச்சல் வந்தாக்கூட உன் கையைத்தான் சொல்வாங்க" என்றார். அது உண்மை. அந்த உண்மைதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. துணியை பீரோவில், நல்ல புடவைகளுக்கு நடுவில் வைத்தேன். கிளம்பும் நாள் வரும்வரை எத்தனை தடவை பீரோவைத் திறந்து அதைத் தொட்டுப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவினேன். எனக்கு அது பிடித்திருந்தது. ஒரு குழந்தையின் முதல் துணியை என்னிடம் கொடுத்து வைத்திருக்கிறார்கள் என்பது பிடித்திருந்தது. பயமும் இருந்தது.

ஒருநாள் காலை வேறு ஒரு ஆள் வண்டி தள்ளிக்கொண்டு வந்தார். கண்ணகி போன் செய்தாள். "பொறந்துட்டுதும்மா, பொட்டப் புள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்கறாங்க. வந்துடுங்க." நான் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு குறிஞ்சிப்பாடி பஸ் ஏறினேன். வழியெல்லாம் அனல்காற்று. மடியில் வைத்திருந்த துணி மட்டும் குளிர்ச்சியாக இருப்பதுபோல் தோன்றியது.

பிரசவ வார்டு வாசலில் கண்ணகி சுவரோரம் நின்றிருந்தாள். ராத்திரி முழுக்க அப்படியே நின்றிருக்கிறாள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. உள்ளே மாணிக்கம்மாள் இருக்கும்வரை அவள் கட்டில் அருகே போவதில்லை என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள். குழந்தையைத் தொட்டாயா என்று கேட்டேன். நர்ஸம்மா காட்டினார்கள், பார்த்தேன் என்றாள்.

"போங்கம்மா. நான் இங்கியே நிக்கறேன்."

மாணிக்கம்மாள் வாட்டசாட்டமான பெண்மணி. கழுத்தில் சங்கிலி, இடுப்பில் கடைச்சாவிக் கொத்து. நான் யாரென்று சொன்னதும், "வாங்கம்மா வாங்க, டவுன்ஷிப்பிலேருந்து இவ்ளோ தூரம் வெயில்ல வந்திருக்கறீங்களே" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். கட்டிலில் இசைப்பிரியா வெளிறிப்போய்ச் சாய்ந்திருந்தாள். அவளை நான் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கண்ணும் மூக்கும் அப்படியே கண்ணகி. குழந்தை ஆஸ்பத்திரித் துண்டில் சுருண்டு அழுதுகொண்டிருந்தது.

நான் பொட்டலத்தைப் பிரித்து, இரண்டு கையாலும் மாணிக்கம்மாளிடம் கொடுத்தேன். அவர் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். விரலுக்கிடையில் துணியைத் தேய்த்துப் பார்த்தார்.

"டவுன்ஷிப் வூட்டுத் துணின்னா அதுவே தனிதாம்மா. எவ்ளோ சுத்தம் பாருங்க. எங்க சம்பந்தியம்மா கண்டதையும் பொறுக்கிக்கினு வருவாங்க, அதான் நான் கண்டிசனா சொல்லிட்டேன்."

எனக்கு வாயில் வந்ததை அடக்கிக்கொண்டேன். கொடுத்தாயிற்று, எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். அப்போது அவர் சாதாரணமாக, எல்லோரும் கேட்பதுபோலக் கேட்டார்.

"உங்களுக்கு எத்தினி புள்ளைங்கம்மா?"

ரெண்டு என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது. ஒருத்தன் சென்னையில், ஒருத்தி கோயம்புத்தூரில் என்று சொன்னால் அதோடு முடிந்தது. எவ்வளவோ பேர் முகத்துக்கு நேராக இல்லை என்று சொன்னவள் நான். இன்று இல்லை என்று சொன்னால் கண்ணகியின் ஐந்து மாத வெந்நீர் வீண். உண்டு என்று சொன்னால், நான் இத்தனை வருடம் தாங்கியதெல்லாம் என்ன? வாசல் பக்கம் பார்த்தேன். கண்ணகி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மாணிக்கம்மாளின் முகத்தில் சிரிப்பு மெல்லக் குறைந்தது. கையிலிருந்த துணியை அவர் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

அதற்குள் இசைப்பிரியா கையை நீட்டி மேலே இருந்த ஒரு சதுரத்தை எடுத்திருந்தாள். ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனாள். காக்கி நூல் வந்த இடத்தில் விரல் நின்றது.

"அத்தே, அவங்கள ஒண்ணும் கேக்காதீங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "இது எங்கம்மா தச்சது. குப்பையிலேருந்து எடுத்துத்தான் தச்சிருக்கும். எனக்குத் தெரியும் இந்தத் தையல்."

மாணிக்கம்மாள் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"என்னாடி சொல்ற?"

"எங்கம்மா துணிதான். குடுங்க அத்தே. புள்ள அழுவுது."

அவர் கொடுக்கவில்லை. கோபத்தில் வீசவும் இல்லை. கட்டிலின் ஓரத்தில் துணியை வைத்துவிட்டு, சாவிக்கொத்தைச் சரிசெய்துகொண்டு, "அன்பு எங்க போய்த் தொலைஞ்சான்" என்று முனகியபடி வெளியே போனார். வாசலில் கண்ணகியைத் தாண்டும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணகி ஒதுங்கி வழிவிட்டாள். அந்தம்மா அன்றோ மறுநாளோ மனம் மாறினார் என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. இன்றுவரை அவர் கண்ணகி வீட்டில் தண்ணீர் குடித்ததில்லை.

இசைப்பிரியா துண்டை உருவிவிட்டு நீலத் துணியில் குழந்தையைச் சுற்றினாள். புது அம்மா, கை சரியாக வரவில்லை. ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் அழுகை நின்றது. நான் எழுந்து வெளியே வந்தேன்.

கண்ணகி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். முதுகைச் சுவரில் சாய்த்தாள். அப்படியே சரிந்து, கால் இரண்டையும் நீட்டி, தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"காலு கடுக்குதும்மா" என்றாள். கண்ணிலிருந்து வழிந்துகொண்டிருந்ததைத் துடைக்கவில்லை.

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆயாம்மா ஒருவர் வாளியோடு வந்து, காலை மடக்கச் சொல்லித் திட்டிவிட்டுப் போனார். கண்ணகி மடக்கவில்லை. உள்ளே குழந்தை மறுபடி அழ ஆரம்பித்தது.

"நனச்சிருக்கும்" என்றாள் கண்ணகி, கண்ணை மூடியபடியே. "அடுத்த துணிய எடுத்துக் குடுங்கம்மா. என்னால எழுந்திரிக்க முடியல."

நான் உள்ளே போய், அடுத்த துணியை எடுத்து இசைப்பிரியாவின் கையில் கொடுத்தேன்.